சூரன் கேட்ட இரண்டு உபதேசங்கள்

ஈழத்துச் சைவக் கிராமங்களிலே கந்தபுராண படனம் என்பது வெறும் வாசிப்பு அன்று. ஒருவர் இராகத்தோடு பாட்டை வாசிப்பார். மற்றொருவர் அதைப் பதம் பிரித்துப் பயன் சொல்லுவார். வசந்தமண்டபத்திலோ மடத்திலோ அமர்ந்திருக்கும் அடியார்கள், எழுதப் படிக்கத் தெரியாதவர்களும்கூட, ஆண்டு தவறாமல் அதே கதையைக் கேட்டு வந்தார்கள். பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை அவர்கள் யாழ்ப்பாணத்து வாழ்க்கையைக் கந்தபுராண கலாசாரம் என்று கூறியதன் காரணம் இதுவே. இன்று படிப்பவர்களும் குறைந்தார்கள், பயன் சொல்லுபவர்கள் அதனிலும் குறைந்தார்கள். கந்தசஷ்டி ஆறாம் நாள் சூரன்போரைக் காண ஊர் முழுவதும் திரள்கின்றது. அந்தச் சூரன் எப்படிச் சூரனானான் என்ற பகுதி வாசிக்கப்படும்போது மண்டபத்திலே பத்துப் பேர் இருந்தால் அது பெரிய காரியம்.

கச்சியப்ப சிவாசாரியார் அந்தப் பகுதியை அசுர காண்டத்திலே அடுத்தடுத்த படலங்களாக வைத்திருக்கின்றார். காசிப முனிவருக்கும் மாயைக்கும் பிறந்த சூரபன்மன், சிங்கமுகன், தாரகன் முதலியோர் தந்தையை வணங்கி, நாங்கள் செய்ய வேண்டியது யாது என்று கேட்கின்றார்கள். தந்தையார் பதி, பசு, பாசம் என்னும் முப்பொருளின் இயல்பைச் சொல்லி, அறமும் அருளும் தவமுமே கைக்கொள்ளத் தக்கன என்று உபதேசிக்கின்றார். தவத்தின் வலிமைக்கு எடுத்துக்காட்டாக மார்க்கண்டேயர் கதையையும் விரித்துச் சொல்லுகின்றார். அதன் பின்னர் தாய் பேசுகின்றாள். தந்தை கூறியவை முத்தியை விரும்பும் முனிவர்களுக்கு உரியவை, உங்களுக்கு வேண்டியது செல்வமும் ஆட்சியும் புகழுமே, அவற்றைப் பெறும் வழி இது என்று, சிவபெருமானை நோக்கிப் பெருவேள்வி செய்யும் முறையை அவள் கற்பிக்கின்றாள். பிள்ளைகள் தாய் சொல்லைக் கொண்டு புறப்படுகின்றார்கள்.

இவ்விடத்தைப் பலர் நல்லது ஒன்று, தீயது ஒன்று என்று சொல்லிக் கடந்துவிடுவார்கள். கொஞ்சம் நின்று பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். மாயை பொய் சொல்லவில்லை. அவள் சொன்ன வேள்வியைச் செய்தார்கள், அவள் சொன்னபடியே பலனும் கிடைத்தது. 1008 அண்டங்களை 108 யுகங்கள் ஆளும் வரத்தைச் சூரன் பெற்றது மாயையின் வாக்கினாலேதான். அவள் வணங்கச் சொன்னதும் சிவனையே அல்லாமல் வேறு தெய்வத்தை அன்று. அப்படியானால் அவளுடைய பேச்சிலே குற்றம் எங்கே உள்ளது?

அவள் காசிபரின் கருத்தை மறுக்கவில்லை. அறம் பிழை என்று சொல்லியிருந்தால் பிள்ளைகளே முகம் சுளித்திருப்பார்கள். அவளோ, அது மெத்தச் சரி, ஆனால் உங்களுக்கு உரியது அன்று என்று அதை எடுத்து ஒரு புறத்திலே வைத்துவிட்டாள். மறுக்கப்படாத கருத்து மறக்கப்பட்டுவிட்டது. இரண்டாவதாக, கேட்பவரின் உள்ளத்திலே ஏற்கெனவே இருந்த ஆசைக்கு அவள் சொல் கொடுத்தாள். மூன்றாவது, எல்லாவற்றிலும் நுட்பமானது: கிடைக்கப் போவதைச் சொன்னாள், அதற்குப் பிறகு வரப் போவதைச் சொல்லவில்லை. உண்மையின் பாதி சொல்லப்பட்டது. காசிபரும் ஒரு காலத்தில் இதே மாயையின் சொல்லிலே மயங்கித் தவத்தை விட்டவரே என்பதையும் மறக்கலாகாது. தான் வழுக்கிய இடத்திலே நின்று பிறரை வழுக்காதே என்று சொல்லும் தந்தையின் சொல்லுக்குப் பிள்ளைகளிடத்தே எவ்வளவு பெறுமதி இருக்கும் என்பது வீடுகளிலே நாள்தோறும் காணக்கூடிய விடயம்.

சொல்வன்மை தீயது என்று எவரும் கொள்ளக் கூடாது. திருவள்ளுவர் சொல்வன்மைக்கு 65 ஆம் அதிகாரத்தை ஒதுக்கியிருக்கின்றார். அவையறிதல், அவையஞ்சாமை என்று மேலும் இரண்டு அதிகாரங்கள். மூன்றும் அமைச்சியலிலே வருவன. ஆறுமுக நாவலர் அவர்கள் 1847 டிசெம்பர் 31 ஆம் திகதி வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே தமது பிரசங்கத்தைத் தொடங்கினார். வெள்ளிக்கிழமைதோறும் நடந்த அந்தப் பிரசங்கங்களே சைவத்தை மீண்டும் நிமிர்த்தி வைத்தன. அவரும் சொல்லினாலே சனங்களை அசைத்தவர்தான். ஆனால் கேட்டவர்களுக்கு இனிக்கும்படி அவர் பேசியதில்லை. கேட்டவர்களுடைய பிழைகளையே எடுத்துப் பேசினார். கோயில்களிலே நடந்த ஒழுங்கீனங்களையும் அவர் விட்டுவைக்கவில்லை.

எனவே பேச்சைக் கேட்பவனுக்குத் தராசு ஒன்று வேண்டும். அந்தத் தராசைச் சைவ சித்தாந்தம் அளவை என்கின்றது. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரிலே, பொருளை நிறுவப் புகுமுன் அளவையைப் பற்றிப் பேசுகின்றார். எதை அறிந்தோம் என்று சொல்லுவதற்கு முன்னே எப்படி அறிந்தோம் என்று சொல்ல வேண்டும் என்பது கருத்து. அளவைகளைப் பத்து என்று விரிப்பவர்களும் உளர். அவையெல்லாம் காட்சி, கருதல், உரை என்னும் மூன்றினுள் அடங்கும் என்பது சித்தாந்தத்தின் துணிபு.

காட்சி என்றால் கண்டது. கண்டதெல்லாம் உண்மையா என்றால் இல்லை. மம்மல் பொழுதிலே படலையடியில் கிடக்கும் கயிறு பாம்போ கயிறோ என்று நிற்பது ஐயக்காட்சி. பாம்புதான் என்று துணிந்து கத்துவது திரிவுக்காட்சி. விளக்கைக் கொண்டுவந்து பார்த்த பின்னர் கயிறு என்று தெளிவதே அறிவாகும். கருதல் என்பது கண்டதைக் கொண்டு காணாததை உணர்வது. மலையிலே புகையைக் கண்டு நெருப்பை அறிவதை நூல்கள் உதாரணமாகச் சொல்லும். மலையில்லாத யாழ்ப்பாணத்திலே வேலிக்கு அப்பால் எழும் புகையைக் கண்டு அடுத்த வீட்டில் உலை வைத்துவிட்டார்கள் என்று அறிவதைச் சொல்லலாம். இங்கும் தவறலாம். செம்பாட்டுப் புழுதியைப் புகை என்று எண்ணினால் இல்லாத உலைக்குப் பசியோடு காத்திருக்க வேண்டியதுதான். உரை என்பது நம்பத்தக்கவன் வாக்கு. பொருளை உள்ளபடி கண்டவனாயும், விருப்பு வெறுப்பு இன்றிக் கண்டபடி சொல்லுபவனாயும் இருப்பவனே நம்பத்தக்கவன். முற்றும் அத்தகையவன் இறைவன் ஒருவனே ஆதலால் அவன் அருளிய ஆகமமே தலையான உரை என்பது சைவர் கொள்கை.

பத்து அளவைகளுள் ஐதிகம் என்று ஒன்று உண்டு. இந்த ஆலமரத்திலே பேய் உண்டு என்று பரம்பரையாகச் சொல்லி வருவதை அதற்கு உதாரணம் காட்டுவார்கள். முதலில் கண்டவர் யார் என்று கேட்டால் ஒருவரும் இருக்க மாட்டார். ஊரிலே நடமாடும் செய்திகளிலே பெரும்பகுதி இந்த ஆலமரத்துப் பேய்தான். முன்னர் அது கிணற்றடியிலும் சந்தையிலும் நடந்து போனது. இப்போது கைத்தொலைபேசியிலே பறந்து போகின்றது. இலங்கையிலே 1895 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சாட்சியக் கட்டளைச் சட்டம், வாய்மொழிச் சாட்சியம் நேரடியானதாக இருக்க வேண்டும் என்று விதிக்கின்றது. கண்டதைக் கண்டவனும் கேட்டதைக் கேட்டவனும் வந்து சொல்ல வேண்டும். இன்னார் கண்டதாக இன்னார் சொன்னார் என்பது பொதுவாக நீதிமன்றிலே எடுபடாது. நீதிமன்றிலே எடுபடாத சொல்லைக் கொண்டு ஊரிலே எத்தனை கலியாணங்கள் குழம்புகின்றன, எத்தனை பெண்பிள்ளைகளின் பெயர் கெடுகின்றது!

காணி வாங்கும்போது ஊரவர்கள் எவ்வளவு கவனமாக இருக்கின்றார்கள் என்று பாருங்கள். உறுதியை ஒரு முறைக்கு இரு முறை வாசிப்பார்கள். நான்கெல்லையையும் நடந்து பார்ப்பார்கள். காணிப் பதிவகத்திலே பதிவைப் பார்த்து, ஈடு ஏதும் உண்டோ என்று விசாரித்து, நொத்தாரிசு ஒருவருக்கு இருவரிடம் கேட்டு, அதன் பின்னரே கைப்பணம் கொடுப்பார்கள். நான்கு பரப்புக் காணிக்கு இவ்வளவு அளவை! அதே மனிதர் அந்தக் காணியையே ஈடு வைத்துப் பெற்ற பணத்தை ஒரு துண்டு எழுத்தும் இல்லாமல் வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏஜென்சிக்காரரிடம் கொடுப்பார்.

ஓர் ஊரிலே நடந்தது இது. கணவனை இழந்த தாய், ஒரே மகன். வந்தவர் நல்ல வெள்ளை வேட்டி, நெற்றியிலே மூன்று குறி. "அக்கா, பயப்பிடாதேங்கோ. அடுத்த தெருப் பொடியனை அனுப்பினது நான்தான். அவன் போய்ச் சேர்ந்திட்டான், நீங்களே கேட்டுப் பாருங்கோ" என்றார். அந்தத் தாய் கேட்டுப் பார்த்தார். உண்மைதான். அந்தப் பிள்ளை போய்ச் சேர்ந்திருந்தது. கிராம சேவையாளராக இருந்த உறவினர் ஒருவர், "ரசீது இல்லாமல் காசு குடுக்காதேங்கோ மச்சாள்" என்று தடுத்திருக்கின்றார். அதற்கு வந்தவர் கோபிக்கவில்லை. "ஐயா சொல்லுறது சரி. ஆனால் அது கந்தோர் ஆக்களுக்குச் சரி. இது நம்பிக்கையில நடக்கிற வேலை" என்று சிரித்துக்கொண்டு சொன்னாராம். தாலிக்கொடியும் காணியும் போயின. மகன் இடைவழியில் ஒரு நாட்டிலே பிடிபட்டு, பதினொரு மாதம் கழித்து வெறுங்கையோடு வீடு வந்தான். அந்தத் தாய்க்கு இன்றும் விளங்காத விடயம், அவர் சொன்னது எதுவும் பொய்யில்லையே என்பதுதான். அடுத்த தெருப் பிள்ளை போனது மெய். அந்தக் காட்சியிலிருந்து தன் மகனும் போவான் என்று செய்த கருதல்தான் பிழைத்தது. ஒருவன் போய்ச் சேர்ந்ததைக் காட்டியவர், போகாமல் நின்றவர்கள் எத்தனை பேர் என்பதைச் சொல்லவில்லை, தாயும் கேட்கவில்லை. கிராம சேவையாளருக்கு அவர் அளித்த விடையோ, காசிபருக்கு மாயை அளித்த அதே விடை.

ஐயம் வந்த இடத்திலெல்லாம் ஆராய்ந்து முடிக்கும்வரை சும்மா இருக்க வேண்டும் என்பதும் இதன் பொருள் அன்று. 2004 டிசெம்பர் 26 ஆம் திகதி கடல் கொண்ட கொடுமையை இந்தக் கரைகள் மறக்கவில்லை. 2005 மார்ச் 28 ஆம் திகதி இரவு சுமாத்திராவுக்கு அருகே மீண்டும் பெரிய நிலநடுக்கம் ஏற்பட்டபோது, கரையோரச் சனங்கள் பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு உட்பகுதிகளுக்குச் சென்றார்கள். பேரலை இங்கே வரவில்லை. மறுநாள் சிலர் அதைச் சொல்லிச் சிரித்தார்கள். சிரிக்க என்ன இருக்கின்றது? கயிறோ பாம்போ என்று தெரியாதபோது காலை எடுத்துவைத்து நிற்பதுதான் அறிவு. ஓடியதனால் இழந்தது ஓர் இரவு நித்திரை மாத்திரமே. ஏஜென்சிக்காரரின் சொல்லிலே இழக்கக் கூடியது ஒரு தலைமுறையின் தேட்டம். எதை இழக்க நேரிடும் என்பதையும் சேர்த்து நிறுப்பதே நிறுவை.

பக்தி விடயத்திலும் அளவை வேண்டும் என்று சொல்லுவது சிலருக்குக் கசக்கலாம். 1995 செப்டெம்பர் 21 ஆம் திகதி பிள்ளையார் பால் குடிக்கின்றார் என்ற செய்தி இந்தியாவிலே எழுந்து ஒரே நாளில் பல நாடுகளுக்கும் பரவியது. கரண்டியிலே பாலை ஏந்திச் சனங்கள் வரிசையிலே நின்றார்கள். இந்திய விஞ்ஞானிகள் சாயம் கலந்த பாலை வைத்துப் பார்த்து, பரப்பிழுவிசையினாலே பால் இழுக்கப்பட்டு மெல்லிய படையாகச் சிலைமீது வழிந்து போவதைக் காட்டினார்கள். இதனாலே பிள்ளையாருக்கு வந்த குறை ஒன்றுமில்லை. அபிஷேகத்திலே குடம் குடமாகப் பால் பெறும் பெருமான் கரண்டிப் பாலினாலே தம்மை நிரூபிக்க வேண்டிய தேவை என்ன? அன்று வரிசையிலே நின்றவர்களின் அன்பு மெய். அவர்கள் கொண்ட காட்சி திரிவுக்காட்சி. இரண்டையும் பிரித்துச் சொல்லத் தெரியாமற் போவதனாலேதான் அன்பையும் சேர்த்துப் பிறர் பரிகசிக்கின்றார்கள்.

மீண்டும் சூரனிடம் வருவோம். மகேந்திர காண்டத்திலே வீரவாகு தேவர் முருகப்பெருமானின் தூதராக வீரமகேந்திரபுரத்துக்குச் செல்லுகின்றார். சிறையிலிருக்கும் தேவர்களை விடுவித்தால் பிழைப்பாய் என்பதே தூது. சூரன் அதைக் கேட்டு முருகனைப் பாலன் என்று இகழுகின்றான். ஆறுமுகங்கொண்ட சிறு பிள்ளை என்பது காட்சி. அந்தப் பாலன் தாரகனையும் கிரவுஞ்ச மலையையும் அழித்த செய்தி முன்னமே சூரனுக்கு வந்துவிட்டது. தாரகனின் மகன் அசுரேந்திரனே வந்து அழுது சொல்லியிருக்கின்றான். புகை அவன் வீட்டு முற்றத்திலே நிற்கின்றது. நெருப்பு உண்டென்று கருத மட்டும் அவன் ஆயத்தமில்லை.

பின்னர் அமைச்சர்களையும் மைந்தர்களையும் கூட்டி ஆலோசிக்கின்றான். சூரன் அமைச்சியற் படலம் என்று அதற்குப் பெயர். கூட்டங்களிலே இருந்து பழகியவர்களுக்கு அந்தப் படலம் புதிதாகத் தோன்றாது. ஒருவர் பின் ஒருவராக எழுந்து, என்னை அனுப்பு, நான் வென்று வருகின்றேன் என்று பேசுகின்றார்கள். அரசனின் முகத்தைப் பார்த்துப் பேசுகின்றார்களேயன்றி விடயத்தைப் பார்த்து அல்ல. ஆலயப் பொதுக்கூட்டங்களிலும் இது உண்டு. வரவுசெலவுக் கணக்கு வாசிக்கப்படும்போது தூங்கி விழுபவர்கள், யாரோ ஒருவர் குரலை உயர்த்தியதும் விழித்துக் கைதட்டுவார்கள். எதற்குக் கைதட்டினீர்கள் என்று வெளி வீதியிலே கேட்டால் விடை வராது.

அந்தச் சபையிலே சிங்கமுகன் ஒருவனே முருகன் பாலன் அல்லன், பரம்பொருள் என்று சொல்லித் தேவர்களை விட்டுவிடும்படி அண்ணனுக்கு அறிவுரை கூறினான். காட்சி, கருதல், உரை மூன்றும் அவன் பேச்சிலே இருந்தன. சூரன் சினந்து கடிந்தான். உடனே சிங்கமுகன் இறங்கி வந்து, அப்படியானால் உனக்காகப் போர் செய்கின்றேன் என்று ஒப்புக்கொண்டான். இதை விசுவாசம் என்று புகழுவோரும் உளர். அறிந்தும் அறியாதவனோடு போனான் என்று இரங்குவோரும் உளர். ஊரிலே உண்மை தெரிந்த பெரியவர்கள் எத்தனை பேர், சொந்தம் முறிந்துவிடும் என்று ஒரு தரம் சொல்லிவிட்டு அடங்கிப் போகின்றார்கள்! அவர்களை எளிதாகக் குற்றம் சொல்லவும் முடியவில்லை. சூரனின் மகன் இரணியனும் உண்மையை உணர்ந்து தந்தைக்கு எடுத்துச் சொன்னவன். கேட்கப்படாதபோது அவன் கடலிலே மீனாக மறைந்தான், தந்தைக்கு அந்திமக் கிரியை செய்ய ஒருவனாவது மிஞ்ச வேண்டும் என்பதற்காக.

அறிவைச் சித்தாந்தம் பாசஞானம், பசுஞானம், பதிஞானம் என்று மூன்றாக வகுக்கும். கண் முதலிய கருவிகளாலும் நூல்களாலும் சொற்களாலும் வரும் அறிவு பாசஞானம். எல்லாம் நானே அறிந்தேன் என்று நிமிர்வது பசுஞானம். இறைவன் உணர்த்த உணர்வது பதிஞானம். அருணந்தியாரே இதற்குச் சாட்சி. சகலாகம பண்டிதர் என்று பெயர் பெற்ற அவர், இளம் பருவத்தினராகிய மெய்கண்டாரிடம் வந்து ஆணவமலத்தின் சொரூபம் யாது என்று கேட்டாராம். மெய்கண்டார் வாய் திறக்கவில்லை. நின்றுகொண்டு கேட்டவரை ஏற இறங்கப் பார்த்தார். அவ்வளவுதான். பண்டிதர் அங்கேயே அடியில் விழுந்து மாணாக்கரானார் என்பது மரபு. ஆயிரம் நியாயங்களைப் பேசத் தெரிந்தவருக்கு ஒரு பார்வை போதுமாயிற்று. அப்படி விழுந்தவர்தாம் பின்னர் சிவஞான சித்தியாரின் பரபக்கத்திலே, மறுக்க வேண்டிய கொள்கைகளை முதலில் அந்தந்தக் கொள்கையினர் வாயாலேயே சொல்லவிட்டு, அதன் பின்னரே மறுக்கின்றார். எதிரியின் பேச்சைத் திரிக்காமல் சொல்லிக் காட்டும் நேர்மை, மாயையிடம் இல்லாதது.

சூரனுக்கும் ஒரு கணம் அந்த ஞானம் கிடைத்தது. யுத்த காண்டத்திலே முருகப்பெருமான் தமது பெருவடிவைக் காட்டி, அதைக் காணும் அறிவையும் அவனுக்கு அருளுகின்றார். பாலன் என்று நினைத்திருந்தேனே, இவன் தன்மையை அறியாதிருந்தேனே என்று சூரன் உருகி நிற்கின்றான். கைகள் தொழ விரும்புகின்றன, மானம் தடுக்கின்றது. பெருமான் அவ்வடிவை மறைத்ததும் அறிவும் மறைந்து பழைய சினம் வந்து குந்திக்கொள்ளுகின்றது. அதன் பின்னர் மாமரமாய் நின்று, வேலினாலே பிளந்து, சேவலும் மயிலுமாய் ஆட்கொள்ளப்பட்ட கதையை எல்லோரும் அறிவர்.

சில ஆண்டுகளின் முன்னர் ஒரு கிராமத்து ஆலயத்திலே மாயை உபதேசப் படலம் படிக்கப்பட்டது. மழை நாள், கேட்க வந்தவர்கள் மிகச் சிலர். தூணோடு சாய்ந்திருந்த வயோதிபத் தாய் ஒருவர், பயன் சொன்ன பெரியவரை இடைமறித்தார். "ஐயா, தாய் இப்பிடிச் சொல்லேக்க தேப்பன் என்ன நினைச்சிருப்பார்? அந்த மனுசன்ரை மனம் என்ன பாடு பட்டிருக்கும்?" என்று கேட்டார். அவர் நாற்பது ஆண்டுகள் பயன் சொல்லி வந்தவர். நினைத்திருந்தால் கண்ணீர் வரும்படி கால்மணித்தியாலம் அதைப் பற்றிப் பேசியிருக்கலாம், குரலும் அப்படிப்பட்டது. ஏட்டை ஒரு தரம் பார்த்தார். "ஆச்சி, பாட்டிலை இருக்கிறதைத்தான் நான் சொல்லலாம். அவர் என்ன நினைச்சாரெண்டு எனக்குத் தெரியாது" என்றார். ஆச்சி தலையசைத்தார். வாசிப்பவர் அடுத்த பாட்டை எடுத்தார்.